மோரில் கலந்தது

"வேற எதுவும் சாப்பிடலயே?" மருத்துவர் மறுபடியும் கேட்டார். "நாட்டு மருந்து, பொடி, லேகியம்?"

"இல்ல மேடம். மாத்திரை மட்டும்தான்" என்றாள் மகள் பொற்கொடி.

அவள் பொய் சொல்லவில்லை.

அது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குத் தெரியும். தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரையில் கல்லீரலில் கிருமி தொற்றி, பொற்கொடி பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மெல்லக் கண்ணில் மஞ்சள் குறைந்தது. பசி எடுத்தது. துணிக்கடை வேலைக்குக்கூடத் திரும்பினாள்.

ஆடியில் ரத்தப் பரிசோதனை எண்கள் மறுபடி ஏறின. ஊர் டாக்டருக்குக் காரணம் பிடிபடவில்லை. மதுரையில் ஈரலுக்கென்றே இருக்கும் இந்த மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"கிருமி போயிடுச்சு. ஆனா ஈரல் கெட்டுக்கிட்டே வருது" என்றார் மருத்துவர். "ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அபூர்வமா உள்ள ரத்தம் கசியும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

மகள் போட்டாள்.

பேனா அப்பாவிடம் வந்தது.

ஆனியில் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொடிப் பொட்டலம் வாங்கி வந்திருந்தார். காமாலை திரும்பாமலிருக்க ஒரு மண்டலம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மகள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "தூக்கிப் போட்ருங்கப்பா" என்றாள்.

போட்டுவிட்டதாகச் சொன்னார்.

அவள் அம்மா போனதிலிருந்து அடுப்படி அவருடையது. காலையில் மோர் கடைந்து கொடுப்பதும் அவர்தான். டம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடிப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள்.

இன்று காலையிலும் குடித்தாள்.

பேனா முனை தாளில் ஊன்றி நின்றது. மை ஊறிப் பரவியது.

"மோர்ல கலந்து கொடுத்தேன்" என்றார். "பிள்ளைக்குத் தெரியாது."

மருத்துவர் திட்டவில்லை. எத்தனை நாள், எவ்வளவு என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். கையெழுத்துத் தாளை அவர் பக்கமிருந்து எடுத்துவிட்டார்.

"இன்னியோட நிறுத்துங்க. பத்து நாள்ல ரத்தம் பாப்போம். இறங்குனா ஊசி வேண்டாம்."

அப்பா பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

மகள் எழுந்தாள். பேருந்து நிலையம் வரை திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். பத்தடி விட்டு அவர் நடந்தார்.

அருப்புக்கோட்டை வண்டியில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பக்கத்து இடம் காலி.

அவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார்.

கூட்டம் ஏறியது. கனத்த பையோடு ஒரு பெண் நெருக்கியடித்து வந்தாள். அந்த இடத்தில் கை வைத்து, "ஆள் வருதாம்மா?" என்று கேட்டாள்.

மகள் வெளியே பார்த்தபடியே இருந்தாள்.

நடத்துநர் விசில் கொடுத்தார். வண்டி குலுங்கியது.

"ஆள் இருக்கு" என்றாள்.