மணியாண்டவர்

சர்ச் மணி அடித்ததும் மழை கொட்டியதாம். அந்த வாரமே யாரோ வெண்கல மணிக்கு மல்லிகைச் சரம் சுற்றினார்கள். அடுத்த வாரம் அதன் கீழே மெழுகுவர்த்தி எரிந்தது. பிறகு பிள்ளைவரம் கேட்டு வந்த ஒருத்தி, "மணியாண்டவரே!" என்று கும்பிட்டாள்.

மணிக்கு உதறல் எடுத்தது.

"மாலை மரியாதையெல்லாம் வருது. உனக்கென்ன பயம்?" என்றது கயிறு.

"அடேய், ஆண்டவர் ஒருத்தர்தான்டா! மோசே செஞ்ச வெண்கலப் பாம்புக்கு ஜனங்க தூபம் காட்டினாங்க. கடைசியில அதை உடைச்சுப் போட்டாங்களாம். போன ஞாயிறு உள்ளே பைபிள்ல வாசிச்சது கேட்டுச்சு. நானும் வெண்கலம்தானே?"

ஞாயிறு காலை, சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை கயிற்றை இழுத்தார்.

"என்னைக் கும்பிடாதீங்க! உள்ளே போங்க!" என்று மணி உயிர் போகிற மாதிரி அலறியது.

வாசலிலேயே எல்லாரும் மண்டியிட்டார்கள்.

"கேட்டீங்களா? மணியாண்டவர் பேசுறார்!"