எப்சம் விலாசம்

“மச்சான், எங்கட பிரஷ் மூண்டையும் எடுத்தாச்சு. உங்கட மூண்டையும் கோப்பையில வையுங்கோ. நனைச்சு வையுங்கோ. காய்ஞ்ச பிரஷ் கண்டா வாறவை பிடிச்சிடுவினம்.”

டெஸ்மன் கட்டளை போட, பீற்றர் பிரஷ்களைக் குழாயில் நனைத்தான். ஈஸ்ட் டாமாக்கி வேர்ஹவுஸில் விடிய விடியப் பெட்டி தூக்கிவிட்டு நேராக இங்கே வந்திருந்தான். அவன் இன்னும் பல்லுத் தீட்டவில்லை. பிரஷ் நனைந்தாகிவிட்டது.

வீடு டெஸ்மனுடையது, எப்சத்தில். அவன் தங்கை மாகிரட்டும் புருஷன் பீற்றரும் குடியிருப்பது ஏவன்டேலில். ஆனால் பள்ளிக்கூடத்துக் கடதாசியில் அவர்களும் எப்சம்தான். அந்த வட்டாரத்தில் வசிக்கிற பிள்ளையைத்தான் அந்தப் பள்ளிக்கூடம் எடுக்கும். தங்கையின் மகள் ஜனுஷாவுக்காக டெஸ்மன் தன் விலாசத்தைக் கடன் கொடுத்திருந்தான். கொடுத்த நாள் முதல் ஒரு ஞாயிறுகூட அதைச் சொல்லிக் காட்டாமல் பூசை முடிந்ததில்லை.

“நூறு வருஷப் பள்ளிக்கூடம் மச்சான். பிள்ளையள் எல்லாம் சேர்ந்து ஹாக்கா ஆடினா எப்சமே அதிரும். வாற வருஷம் தன்ர ஹவுஸுக்கு முன்னுக்கு நிண்டு ஹாக்கா நடத்தப் போறது ஆர்? என்ர மகன் கிளின்ரன். அப்பிடியான இடத்தில உங்கட பிள்ளைக்கும் ஒரு இடம் எடுத்துத் தந்திருக்கிறன்.”

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பாரம்பரியம் நிறைய. ஹாக்கா என்ற போர் நடனம், பள்ளிப் பாட்டு, கடைசி வருஷத்துப் பிள்ளைகள் கோட்டு மாட்டிக்கொண்டு போகிற நடன விருந்து. எல்லாவற்றிலும் மூத்தது பொய் விலாசம். அதைக் கட்டிக் காப்பதில் நம் சனத்தை மிஞ்ச ஆளில்லை.

போன கிழமை ஒரு கடிதம் வந்தது. ‘பெற்றோருக்கு’ என்று மட்டும் இருந்தது. வியாழக்கிழமை காலை ஆள் வந்து, நீங்கள் இங்கேதான் வசிக்கிறீர்களா என்று பார்ப்பார்களாம். பிடிபட்டால் பிள்ளையின் இடம் போய்விடும். கடிதத்தைப் படித்து முடித்ததும் எல்லாரும் ஜனுஷாவைத்தான் பார்த்தார்கள்.

“ரெண்டு அறை வீடு. ரெண்டு குடும்பம் இருக்கிறம் எண்டா நாய்கூட நம்பாது,” என்றான் டெஸ்மன். “அதால நாங்கள் இல்லை. நீங்கள் மட்டும்தான். என்ர மூளையைப் பார்த்தியளே?”

மூளை வேலை செய்தது. டெஸ்மனின் கல்யாணப் படம் இறங்கி பீற்றரின் கல்யாணப் படம் ஏறியது. கிளின்ரன் நாக்கை நீட்டி ஹாக்கா ஆடுகிற பெரிய படத்தை டெஸ்மன் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக் கராஜில் வைத்தான். அவன் மனைவி இவோன் ஜனுஷாவின் பாவாடைகளை அலுமாரியில் அடுக்கினாள்.

“தங்கச்சி, கராஜுக்குள்ள சத்தம் கேட்டா என்ன சொல்லுவாய்?”

“பூனை எண்டு,” என்றாள் மாகிரட்.

“யோசிக்காமச் சொல்லோணும்.”

“பூனை.”

ஏழேகாலுக்கு வாசலில் மணி அடித்தது. டெஸ்மனும் இவோனும் கராஜுக்குள் பாய்ந்தார்கள். யூனிஃபார்மோடு நின்ற கிளின்ரன், “திஸ் இஸ் சோ டம்,” என்றபடி பின்னால் போனான். வீட்டில் புத்தியாகப் பேசியது அவன் ஒருவன்தான். அதனால் யாரும் கேட்கவில்லை.

வந்தவள் பள்ளிக்கூட அலுவலகத்து ரத்னா. வீட்டாரின் பேச்சைக் கேட்டதும் தமிழில் இறங்கினாள்.

“அட, நம்ம ஆளுங்களா? கோவிச்சுக்காதீங்க சார், என் வேலை இது.”

“ஓம், ஓம். வடிவாப் பாருங்கோ.”

ரத்னா வடிவாகத்தான் பார்த்தாள். கட்டில், அலுமாரி, கல்யாணப் படம். குளியலறையில் பிரஷைத் தொட்டே பார்த்தாள். ஈரம்.

“எத்தனை பேர் இருக்கீங்க?”

“மூண்டு பேர்.”

“வேற யாரும் இங்க இல்லையா? சொந்தக்காரங்க யாராவது?”

பீற்றர் கராஜ் கதவைப் பார்த்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். பிறகு அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் நினைவுக்கு வந்தன. வாய் தானாகத் திறந்தது.

“ஒருத்தரும் இல்லை. மச்சான் ஒருத்தர் இருக்கிறார். வருவார், சாப்பிடுவார், பெருமை அடிப்பார், போயிடுவார். எங்க இருக்கிறார் எண்டு எனக்கே சரியாத் தெரியாது.”

“நிச்சயமா இங்க இல்ல?”

“சத்தியமா இல்லை, பிள்ளை.”

“அப்ப அதையே எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

பீற்றர் எழுத்துக் கூட்டி எழுதி, கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் மாகிரட்டும் போட்டாள். டெஸ்மனின் ஒத்திகையில் இல்லாத காட்சி. ஆனாலும் இருவரும் நன்றாகச் செய்தார்கள்.

ரத்னா ஃபைலை மூடினாள். முகத்தில் பெரிய நிம்மதி.

“உங்க பொண்ணு இடம் பத்திரம் சார். உண்மையைச் சொன்னா, உங்களைத்தான் சந்தேகப்பட்டு வந்தேன். இந்த விலாசத்துல ரெண்டு குடும்பம் பேர் குடுத்திருக்கு. ஒண்ணு பொய்னு தெரியும், எதுன்னுதான் தெரியல. இப்ப தெளிவாயிடுச்சு. அந்தக் கிளின்ரன் பையன் பேரை இன்னைக்கே எடுத்துடுவோம்.”

கராஜுக்குள் பெரிய கண்ணாடிச் சட்டம் ஒன்று விழுந்து நொறுங்கியது.

“பூனை,” என்றாள் மாகிரட், யோசிக்காமல்.