கரிநூல் தூளி

நான்காவது மாடியில் கலவைச் சட்டியோடு நின்ற பச்சையம்மாளின் மணிக்கட்டுப் பட்டை சட்டென்று அடங்கியது. கீழே, உள்ளிருக்கும் அசைவை உணர்ந்து பட்டைக்கு அனுப்பும் கரிநூல் ஊடிய சேலையில் கட்டிய தூளிக்குள் மகன் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் அது துடிக்க வேண்டும். சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“துணி நனைஞ்சு பட்டை நின்னிருக்கும்மா, அதுக்குப் போயி கலவையக் கொட்டுவியா?” மேஸ்திரி கத்திக்கொண்டே பின்னால் இறங்கினார்.

தூளி காலியாகத் தொங்கியது. செங்கல் அடுக்கைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் மணலோடு, மகன் முதன்முதலாக நின்றுகொண்டிருந்தான்.

“சித்தாளுக்கு ஒரு ஆளு கூடிட்டான்” என்றார் மேஸ்திரி.

“இவன் சட்டி தூக்க மாட்டான்” என்றாள், அவன் வாயைத் துடைத்தபடி.

தூளியை அவிழ்த்து, பட்டையோடு சேர்த்து, மாசமாயிருந்த சித்தாள் சுகுணாவிடம் கொடுத்தாள். “இவனுக்குக் காலு வந்துடுச்சி. நீ வச்சிக்க.”

சுகுணா பட்டையை மாட்டிக்கொண்டு, சேலையை வயிற்றில் சுற்றிப் பார்த்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது. பட்டை துள்ளியது.