மூன்றாவது சீட்டு

"நீங்க இல்லை சார். அவங்க மட்டும்."

வரவேற்பறைப் பெண் டாக்டரின் அறைக் கதவில் கைவைத்து நின்றாள். கதவிடுக்கில் ஒரு காலை நுழைத்திருந்த கணவர் அதை எடுக்கவில்லை.

"நான் இவ புருஷன்மா."

"தெரியும் சார்."

"போன ரெண்டு தடவையும் நான்தான் கூட வந்தேன். எல்லாத்தையும் நான்தான் சொன்னேன்."

"அதுவும் தெரியும் சார்."

காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். கணவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். ஒரு நிமிஷம் பிந்தினாலும் டிரைவரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டே பழகியவர். தன்னை ஒருத்தி நிறுத்துவது அவருக்குப் புதிது.

"தூக்க மாத்திரை தீர்ந்துபோச்சு. அதையே இன்னொரு சீட்டுல எழுதித் தரணும், அவ்வளவுதான். போன்ல கேட்டேன், தரமாட்டோம்னீங்க. நேர்ல வந்தா, என்னை உள்ள விடமாட்டேங்கிறீங்க. இதெல்லாம் என்ன சட்டம்?"

"தூக்க மாத்திரையை மூணாவது தடவை எழுதணும்னா, நோயாளியைத் தனியாப் பார்த்துட்டுதான் சார் எழுதுவாங்க. யாரா இருந்தாலும்."

"இன்னொரு தடவை ஃபீஸ் வாங்க வழி. சொல்லிட்டுப் போங்களேன்."

"மறுசீட்டுக்கு வந்தா ஃபீஸ் கிடையாது சார்."

கணவர் சற்றுத் திகைத்தார். சண்டையில் பாதி அங்கேயே போய்விட்டது.

"அதில்லைம்மா. தனியா விட்டா இவ வாயைத் திறக்க மாட்டா. 'நல்லாயிருக்கேன்'னு சொல்லிட்டு வந்துடுவா. மூணு மாசமா இவளுக்குத் தூக்கமில்லை. போன வாரம் அடுப்புக்கு முன்னாடி நின்னபடியே கண் அசந்துட்டா. கையில இவ்வளவு பெரிய கொப்புளம். காட்டேன், நீ."

மனைவி கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நான் எப்பக் கண்ணைத் திறந்தாலும், உக்காந்து என்னையே பார்த்துட்டிருக்கா."

"கொடுத்துவச்சவர்யா நீர்" என்றார், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் கணவரின் கால் பின்வாங்கியது.

"நான் போயிட்டு வரேங்க" என்றாள் மனைவி.

"எல்லாத்தையும் சொல்லு. நடு ராத்திரியில முழிப்பு வருதான்னு கேப்பாங்க. வருதுன்னு சொல்லு."

"சரிங்க."

"கொப்புளத்தை மறந்துடாதே."

கதவு சாத்திக்கொண்டது.

டாக்டருக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். பழைய சீட்டு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

"மாத்திரையைக் கூட்டிக்கூடக் குடுத்தேனே. அப்பவும் தூக்கம் வரலையாம்மா?"

மனைவி கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டைகளை மேஜைமேல் வைத்தாள். ஒன்றைக்கூடப் பிரித்திருக்கவில்லை.

"போடவே இல்லையா?"

"இல்லை டாக்டர்."

"ஏன்? உடம்புக்கு ஒத்துக்காதுன்னு பயமா?"

"போட்டா தூங்கிடுவேனே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"தூங்கத்தானேம்மா குடுத்தேன்?"

"நான் தூங்கிட்டா அவரை யாரு பார்த்துக்கிறது?" என்றாள். அதன்பிறகு பேச்சு தானாக வந்தது. "பெரிசா குறட்டை விடுவார். கல்யாணமான நாள்லேருந்து கேட்டுப் பழகினதுதான். இந்த மூணு மாசமா நடுவுல நின்னுடுது டாக்டர். குறட்டை மட்டும் இல்லை, மூச்சே. எண்ணிக்கிட்டே இருப்பேன். பதினஞ்சு, இருபது. வரலைன்னா தோளைத் தட்டி ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன். அப்புறம் வந்துடும். ராத்திரிக்கு எத்தனையோ தடவை."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா அவரும் பயந்துகிட்டு தூங்க மாட்டார். ரெண்டு பேரும் முழிச்சிருந்து என்ன ஆகப்போகுது?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு தடவையும் அவர் பக்கத்துலயே இருந்தாரே."

டாக்டர் அந்த அட்டைகளை ஒதுக்கி வைத்தாள். பிறகு மூன்றாவது சீட்டை எடுத்து எழுதினாள். மருந்து எதுவும் எழுதவில்லை.

"இதுக்கு நல்ல வைத்தியம் இருக்கும்மா. பயப்படாதீங்க. நாளைக்கு முதல் ஆளா அவரைப் பார்த்துடறேன். கவுண்டர்ல பேர் குடுத்துட்டுப் போங்க."

"வரமாட்டார் டாக்டர். எனக்கென்ன குறைச்சல்னு கேப்பார். வேலைக்கு வேற லீவு போடமாட்டார்."

"உங்க தூக்கம் சரியாகணும்னா அவரைப் பரிசோதிச்சாகணும்னு நான் சொன்னதா சொல்லுங்க. பொய்யும் இல்லையே."

மனைவி முதல் தடவையாகச் சிரித்தாள்.

"எனக்காகன்னா லீவு போடுவார்."

அவள் வெளியே வந்தபோது கணவர் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை ஜன்னல் கண்ணாடிவரைக்கும் போய்த் திரும்பியது. எதிரே இருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணி. யார் பேர்லம்மா எழுதட்டும்?" என்றாள், சீட்டை வாங்கிப் பார்த்த வரவேற்பறைப் பெண்.

"அவர் பேர்ல."

வரவேற்பறைப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். "போன் நம்பர் சொல்லுங்க."

குறட்டை சட்டென்று நின்றது.

"அப்பாடா, இப்பதான் நிம்மதி" என்றார் செய்தித்தாள் பெரியவர்.

"நம்பர்மா?"

மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு நாலே எட்டில் கணவரிடம் போய், தோளைத் தட்டித் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தாள். குறட்டை மறுபடி கிளம்பும்வரை அங்கேயே நின்றுவிட்டு, நம்பர் சொல்லக் கவுண்டருக்குத் திரும்பினாள்.