செப்டம்பரில் பெட்ரா

புதுக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேத்தரின் தன்னைத்தானே போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது மகள் ஏமி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கிள்ளானில் அது ஒன்பதாவது மாடி. லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை.

“யாருக்கு மம்மி இந்தப் போஸ்?”

கேத்தரின் படத்தை அனுப்பிவிட்டுத்தான் திரும்பினாள். கண்ணாடியைக் கழற்றவில்லை.

பக்கத்து வீட்டுக் குமுதா போன் செய்து சொன்னதால்தான் ஏமி செமினியிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்திருந்தாள். உன் அம்மா எவனோ வெள்ளைக்காரனோடு வெளிநாடு போகப்போகிறாளாம் என்று குமுதா சொல்லியிருந்தாள். சொல்லும்போது சிரித்திருந்தாள்.

அவன் பெயர் ரிச்சர்ட். ஜோர்டானில் எஞ்சினியராம், மனைவி இல்லையாம். செப்டம்பர் முதல் வாரம் பெட்ரா, அங்கிருந்து எல்லையைத் தாண்டி சவூதியில் ஹெக்ரா. இரண்டும் பாலைவனத்துப் பாறைகளைக் குடைந்து செய்த பழைய நகரங்கள். இதையெல்லாம் கேத்தரின் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். ஈப்போவுக்கு வடக்கே போகாதவள் அவள்.

ஏமி போனைப் பிடுங்கிப் படித்தாள். எளிய ஆங்கிலத்தில், மூன்று மாதத்துப் பேச்சு. செப்டம்பரில் இங்கே இலையுதிர் காலம் தொடங்கும், பகல் வெயில் தாங்கும்படி இருக்கும் என்று எழுதியிருந்தான். ராத்திரி குளிரும், சால்வை எடுத்துக்கொள். பாலைவனத்தில் பஸ் நீண்ட நேரம் ஓடும், அசாம்போய் மறக்காதே. காலையில் சாப்பிட்டாயா? பிரஷர் மாத்திரை போட்டாயா?

உப்பும் புளிப்புமான அந்த உலர்ந்த பழம் வாயில் இல்லாவிட்டால் கேத்தரினுக்கு பஸ் ஏறியதும் வாந்தி வரும்.

“அசாம்போய் வரைக்கும் அவன்கிட்ட சொல்லியாச்சா? நல்லா இருக்கு.”

கேத்தரினின் கை கழுத்துக்குப் போனது. அங்கே செயின் இல்லை. அதை ஏமி அப்போதுதான் பார்த்தாள். அடகுக் கடையில் இருக்கிறது, அவனுக்கு அவசரம் என்றாள் கேத்தரின். குரலில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

ஏமி நாற்காலியில் சரிந்தாள். அப்பா இறந்தபோதுகூட அந்தச் செயின் வீட்டை விட்டுப் போகவில்லை. தாய்லாந்தில் ஹாட்யாய்க்கு ஹோட்டல் வேலை என்று போன தம்பி கால்வினிடமிருந்து ஒரு வருடமாகப் பேச்சு மூச்சில்லை. போலீசில் சொன்னதற்கு, வளர்ந்த பிள்ளை, தானாக வருவான் என்றார்கள். அவனைத் திட்டித் திட்டி ஏமி ஓய்ந்துபோயிருந்தாள். மிச்சமிருந்தது அம்மா ஒருத்திதான். அவளையும் இப்போது எவனோ கொண்டுபோகிறான்.

“பெத்த மகன் ஒரு மெசேஜ் போடல. எவனோ சாப்பிட்டியான்னு கேட்டதும் உருகிட்டியா?”

“அவன் கெட்டவன் இல்ல, ஏமி.”

“அவன் ஜோர்டான்லயே இல்லலா மம்மி. நியூஸ் பார்க்கிறதில்லையா? எங்கயோ பார்டர்ல ஒரு கட்டடம். உள்ள ஆளுங்கள அடைச்சு, வரிசையா உட்கார வச்சு டைப் பண்ணச் சொல்றாங்க. பின்னால ஒருத்தன் நின்னு ஒவ்வொரு வரியையும் படிப்பான். எவ்வளவு கறக்கிறானோ அவ்வளவுதான் அன்னைக்குச் சோறு.”

கேத்தரின் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“கறக்கலேன்னா?”

“கரண்ட் வைப்பாங்களாம். வைக்கட்டும்.”

கீழே ஒரு லோரி பின்னுக்குப் போகும் சத்தம் கேட்டது. அது ஓய்ந்ததும் கேத்தரின் கட்டிலை விட்டு நகர்ந்தாள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு வருகிறேன் என்றாள். அடுப்படி வாசலில் நின்று திரும்பினாள்.

“நான் வர்ற வரைக்கும் அதுல ஒண்ணும் எழுதாத.”

ஏமி தலையாட்டினாள். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டதும் எழுதினாள். நீ யார் என்று எங்களுக்குத் தெரியும். நீ ஏமாற்றுக்காரன். போலீசில் ரிப்போர்ட் செய்தாயிற்று. இனி உனக்கு இங்கிருந்து ஒரு காசும் வராது. அனுப்பினாள்.

டிக் இரண்டும் நீலமாயின. அவன் எழுதுகிறான் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. பிறகு நரைத்த தலை ரிச்சர்டின் படம் மறைந்து வெறும் சாம்பல் வட்டம் வந்தது.

அன்று முதல்முறையாக ஏமிக்கு நெஞ்சு லேசானது.

கேத்தரின் இரண்டு குவளைகளோடு வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள், பிறகு போனை.

“அனுப்பிட்டியா?”

“போலீஸ்னு போட்டேன். ஓடிட்டான். சனி விட்டுச்சு மம்மி.”

கேத்தரின் குவளைகளை மேசையில் வைத்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இமைகள் வீங்கிச் சிவந்திருந்தன, பல நாள் அழுத வீக்கம்.

“அசாம்போய் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலடி. அது கால்வின்.”