பதினாலு டி.சி.

“பதினாலு பேருக்கும் டி.சி. எழுதியாச்சும்மா. ஒங்க ரிப்போர்ட் வந்ததும் கையெழுத்துப் போட வேண்டியதுதான்” என்று காகிதக் கட்டை ஆய்வக மேசைமேல் வைத்தார் இஸ்ரவேல். கயத்தாறு ரோட்டில் பள்ளிக்கூடமும் ஹாஸ்டலும் நடத்துகிற தாளாளர் அவர். ஹாஸ்டல் சுவரோரம் போதை மாத்திரை அட்டை கிடந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

நுஸைபா கட்டைத் தொடவில்லை. ஆய்வகத்தில் ஆறு வருஷமாகக் கழிவுநீரோடுதான் அவள் பிழைப்பு. என்றாலும் அந்த ஹாஸ்டல் சாக்கடை நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

போன புதன்கிழமை ஹாஸ்டல் சுவருக்கு வெளியே, கரிசல் சகதிக்குள் நின்று, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆறு பாட்டில் பிடித்தாள். உதவியாளர் லிங்கராஜ் சாக்கடை மூடியை நெம்பித் திறந்த ஒவ்வொரு தடவையும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அறுபது பையன்கள் தங்குகிற ஹாஸ்டல், ஆனால் சாக்கடை நூலாகத்தான் ஓடியது. இந்தப் பக்கத்துத் தண்ணிக் கஷ்டம் தெரிந்தவள், அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

“ஹாஸ்டல விட்டா எங்க வீட்டுத் தண்ணி மட்டுந்தாம்மா இதுல வந்து விழுது. அவனுவ அசிங்கத்தோட சேந்து ஓடுதேன்னு நெனச்சாலே அருவருப்பா இருக்கு” என்று அன்றைக்கு இஸ்ரவேல் கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார். “வீட்டுல நானும் எம் மவன் ரிஜோவுந்தான். அவனுக்கும் இதே வயசுதான். வீட்டுலேயே நீட்டுக்குப் படிக்கான். ரூம விட்டு வெளிய வரமாட்டான்.”

இப்போது கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு செங்குத்தாக எழும்பி நின்றது. நுஸைபா அதைக் காட்டினாள்.

“இதான் சார். தண்ணியில கரைஞ்சு கெடக்கத ஒவ்வொண்ணா பிரிச்சு, அதோட எடைய வச்சு இன்ன மருந்துன்னு இந்த எல்.சி.எம்.எஸ். மிஷின் காட்டிக் குடுத்துரும். நீங்க சந்தேகப்பட்ட மாத்திரைதான். ஆறு பாட்டில்லயும் இருக்கு.”

“மாத்திரைய எவனோ சாக்கடையில கொட்டிட்டான்னு நாளைக்குச் சொல்லுவானுவல்லா?”

“சொல்ல முடியாது சார். இது ஒடம்புக்குள்ள போயி மாறி வெளிய வந்தது. சாப்பிட்டு ஒரு நாளுகூட ஆகியிருக்காது.”

இஸ்ரவேலின் முகம் மலர்ந்துவிட்டது. பையன்கள் கெட்டுப்போனார்கள் என்று கேட்டு பள்ளிக்கூடம் நடத்துகிற ஒருவர் முகம் இப்படியா மலரும் என்று நுஸைபாவுக்கு எரிச்சல் வந்தது.

“யாரு சாப்பிட்டாங்கன்னு மிஷின் சொல்லாது சார். நீங்க எப்படிப் பதினாலு பேர எழுதுனீங்க?”

“மானாவாரிக் காட்டுல கெடந்து வந்தவனுவதானம்மா? மொகத்தப் பாத்தாலே தெரியாதா?”

“பொதுத்தேர்வுக்கு இன்னும் இருவது நாளுதான் சார் இருக்கு.”

“அதுக்கு நான் என்ன செய்ய? சாக்கடைய வீட்டுக்குள்ள வச்சிருக்க முடியுமா?”

சாக்கடைக்கு மூக்கைப் பொத்தத் தெரிந்த நுஸைபாவுக்கு, இந்த ஆளுக்கு எதைப் பொத்துவது என்று தெரியவில்லை. அந்தப் பையன்கள்மேலும் ஆத்திரமாக வந்தது. பெத்தவர்கள் வெயிலில் வெந்து அனுப்புகிற காசில் மாத்திரையா தின்பான்கள்? எது எப்படியோ, மிஷின் காட்டியதை அவளால் மறைக்க முடியாது. வேலையை முடித்து அனுப்பிவிட்டால் போதும் என்று படிவத்தை இழுத்துவைத்தாள்.

ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. அன்றைக்கு அந்தச் சாக்கடையைப் பயன்படுத்தியவர்கள் எத்தனை பேர் என்று நிரப்ப வேண்டும். அதை வைத்து வகுத்தால்தான் தலைக்கு எவ்வளவு மருந்து என்ற கணக்கு வரும்.

“ஒங்க வீட்டுல நீங்களும் ஒங்க பையனும், ரெண்டு பேரு. புதன்கிழம ஹாஸ்டல்ல எத்தன பேரு சார் இருந்தாங்க?”

இஸ்ரவேல் பேனா மூடியைக் கழற்றினார். முதல் டி.சி.யில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிச் சிரித்தார்.

“விஷயம் கசியக் கூடாதுன்னு வார்டன், சமையல்காரன் உட்பட எல்லாரையும் ஞாயித்துக்கிழமையே ஊருக்கு அனுப்பிட்டுல்லா ஒங்களக் கூப்பிட்டேன். ஹாஸ்டல்ல ஈ காக்கா கெடையாது.”