கடைசி வரியின் ஒரு சொல்

திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கும் கரேங் தெராங்பிக்கு, அசாம் மலையிலிருந்து தம்பி கடிதம் எழுதியிருந்தான். மொழி அவர்களுடைய கார்பி, எழுத்து அசாமியம். கரேங் பள்ளியில் ஆங்கில எழுத்தில்தான் கார்பி படித்தவள். அதனால் அசாம்கார வாட்ச்மேன் போகேஸ்வரிடம் கடிதத்தை நீட்டினாள். அவருக்கு எழுத்து தெரியும், கார்பி ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

தனக்குப் புரியாததை அவர் எழுத்துக்கூட்டி வாசிக்க, அவளுக்குப் புரிந்துகொண்டே வந்தது. விடாத மழை, அழுகிப்போன இஞ்சி, அப்பாவின் காய்ச்சல். கடைசி வரியில் அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“அண்ணா, அந்தக் கடைசிச் சொல்லுக்குக் குரல ஏத்தணுமா, எறக்கணுமா?”

“ஏன்மா?”

“எங்க பேச்சுல குரல் மாறுனா அர்த்தமே மாறிடும்ணா. ஏத்துனா அப்பா எந்திரிச்சு உக்காந்துட்டாரு. எறக்குனா போயிட்டாரு.”

போகேஸ்வர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அது இதுல எழுதலையேம்மா.”

தம்பியின் போனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

“இன்னொரு தடவ வாசிங்கண்ணா.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கேள்வி கேட்பவரைப் போல, குரலை ஏற்றி வாசித்தார். கரேங் கடிதத்தை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.